டப்பாவில் கிடந்த சீட்டு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். திடப்படுத்தல் வகுப்பு இப்போதுதான் முடிந்தது. பிள்ளைகள் போய்விட்டார்கள். நான் ஆலயப் படியிலேயே உட்கார்ந்து பேசுகிறேன், காக்கைச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபையில் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கைக்குழந்தையாக நாம் ஞானஸ்நானம் பெறும்போது நமக்காக விசுவாசத்தை அறிக்கையிடுவது பெற்றோரும் ஞானப்பெற்றோரும்தான். வளர்ந்தபின் அதை நம் வாயாலேயே சொல்கிறோம், பேராயர் தலையில் கைவைத்து ஜெபிக்கிறார். அதுதான் திடப்படுத்தல். சமாரியாவில் பேதுருவும் யோவானும் கைவைத்து ஜெபித்ததை அப்போஸ்தலர் 8-இல் படிக்கிறோமே, அதைத்தான் இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள்.

அதற்கு முன்னால் எங்கள் சேகரத்தில், அதாவது ஒரு போதகரின் கீழுள்ள சபைகளில், 6 சனிக்கிழமை வகுப்பு. பத்துக் கற்பனைகள், நாம் எதை விசுவாசிக்கிறோம் என்று ஆராதனையில் சொல்லும் விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், திருவிருந்து. நான் 14 வயதில் படித்தபோது எல்லாம் மனப்பாடம். ஒப்பித்தோம், வெள்ளை உடுத்தினோம், முடிந்தது. மனசுக்குள் இருந்த சந்தேகத்தை யாரும் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால் இந்த வருஷம் ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்து, பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போடச் சொன்னேன்.

இன்றைக்கு எடுத்த சீட்டு கோடு போட்ட நோட்டில் கிழித்தது. நகம் அளவுக்கு மடித்திருந்தது, பென்சில் எழுத்து. இங்கே சொல்லலாமா என்று வகுப்பில் கேட்டேன், எல்லாரும் சரி என்றார்கள்.

“இயேசு பாதாளத்தில் இறங்கினார் என்று விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோம். எங்கள் தாத்தா கடைசிவரை சுடலைமாடனைத்தான் கும்பிட்டார். இயேசு தாத்தாவைப் பார்த்திருப்பாரா?”

எத்தனை வருஷமாக அந்த வரியைச் சொல்கிறேன்! ஒருநாளும் அதில் ஒரு ஆளை வைத்துப் பார்த்ததில்லை. படித்து முடித்ததும் ஒரு பிள்ளைகூட அசையவில்லை. 1 பேதுரு 3-ஐத் திறந்து, காவலிலிருந்த ஆவிகளுக்குக் கிறிஸ்து போய்ப் பிரசங்கித்தார் என்ற இடத்தை வாசித்தேன். வேத பண்டிதர்களே இந்த இடத்துக்கு ஒரே அர்த்தம் சொல்வதில்லை என்பதையும் மறைக்கவில்லை. “தாத்தாவைப் பற்றி எனக்குத் தெரியாது கண்ணு. ஆனால் செத்தவர்கள் இருக்கும் இடம்வரைக்கும் போனவரைத்தான் நாம் விசுவாசிக்கிறோம்” என்றேன். அதற்குமேல் பேச எனக்குக் குரல் வரவில்லை.

பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: “அப்போ அவருக்காக ஜெபம் பண்ணலாமா அக்கா?” நம் சபைகளில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் பழக்கம் பெரும்பாலும் இல்லை. ஏன் இல்லை என்று அடுத்த சனிக்கிழமை எங்கள் போதகர் ஐயரே வந்து பேசுகிறேன் என்றிருக்கிறார். அன்றைக்கு மனப்பாடம் கிடையாது, முழு நேரமும் இதற்குத்தான்.

உங்கள் வீட்டில் திடப்படுத்தலுக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால், இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது, எந்த வரி புரியவில்லை என்று கேளுங்கள். டப்பாவில் இன்னும் 4 சீட்டு கிடக்கிறது. நான் போய்ப் படிக்கிறேன்.