“மேடம், இவன் விஷுவல் லேர்னர்”

வணக்கம்ங்க. நான் கணக்கு டீச்சர். ஹைஸ்கூல் பசங்களோடயே 20 வருஷத்துக்கு மேல ஓட்டிட்டேன். பேரன்ட்ஸ் மீட்டிங் வந்தாலே ஒரு டயலாக் கண்டிப்பா காதுல விழும், “மேடம், இவன் விஷுவல் லேர்னர், படம் பார்த்தாதான் ஏறும், புக்கை குடுத்தா தூங்கிடுவான்”. அடுத்து வர்றவங்க, “எங்க பொண்ணு காதால கேட்டாதான் புரிஞ்சுப்பா மேடம்”. சிலர் ஆன்லைன்ல டெஸ்ட் எடுத்து ரிசல்ட்டையே போன்ல காட்டுவாங்க, பிளட் குரூப் மாதிரி.

தப்பு சொல்லலங்க, பிள்ளை எப்படி படிக்குதுன்னு கவனிக்கற அம்மா அப்பா கிடைக்கறதே பெரிய விஷயம். ஆனா இந்த லேபிள் எங்கேருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் பார்த்துடலாம்.

நியூசிலாந்துல நீல் ஃப்ளெமிங்னு ஒருத்தர், ஸ்கூல் ஸ்கூலா போய் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணினவர், 1992ல கொலீன் மில்ஸ்னு இன்னொருத்தரோட சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினாரு. பார்த்து படிக்கறது, கேட்டு படிக்கறது, வாசிச்சு எழுதி படிக்கறது, செஞ்சு பார்த்து படிக்கறதுன்னு நாலு விதம், இங்கிலீஷ்ல சுருக்கமா ‘வார்க்’. இதுல வேடிக்கை என்னன்னா, ‘இது இன்னொரு அளவுகோல் இல்ல, யோசிக்கறதுக்கு ஒரு தூண்டுதல்’ங்கற அர்த்தத்துலதான் அந்த கட்டுரைக்கே தலைப்பு வச்சிருந்தாங்க. நாம அந்த தலைப்பை விட்டுட்டு டெஸ்ட்டை மட்டும் பிடிச்சுக்கிட்டோம். இது மட்டும்னு நினைக்காதீங்க, 2004ல பிரிட்டன்ல ஒரு டீம் உக்காந்து எண்ணினதுல இந்த மாதிரி 71 மாடல் தேறிச்சு. எழுபத்தி ஒண்ணு! எதை வச்சு உங்க பையனை பிரிக்கப் போறீங்க?

சரி, அவனவன் ஸ்டைல்ல சொல்லிக்குடுத்தா மார்க் ஏறுமா? அதை பார்க்கணும்னா படம் பிடிக்கிற பசங்களையும் கேக்கப் பிடிக்கிற பசங்களையும் ரெண்டு விதமாவும் படிக்க வச்சு, எல்லாருக்கும் ஒரே எக்ஸாம் வைக்கணும், அதுல அவனவன் அவனவன் வழியில படிச்சப்போதான் நல்லா பண்ணியிருக்கணும். 2008ல பாஷ்லர்ங்கறவரும் இன்னும் மூணு சைக்காலஜி ஆட்களும் அதுவரைக்கும் வந்த ஆராய்ச்சியெல்லாம் புரட்டிப் பார்த்தாங்க. இப்படி ஒழுங்கா பண்ணினதே கொஞ்சம்தான், அதுலயும் பலது எதிர்மாறா சொல்லுதுன்னு எழுதினாங்க.

அப்போ விருப்பமே கிடையாதான்னா, இருக்குங்க. எனக்கே லெக்சர் கேட்டா கொட்டாவி வரும். ஆனா பிடிக்கறது வேற, மனசுல நிக்கறது வேற. அப்புறம் பாடம்னு ஒண்ணு இருக்கில்ல, அதுக்கும் ஒரு குணம் இருக்கு. நான் கேட்டாதான் படிப்பேன்னு ஒருத்தன் அடம் பிடிச்சா முக்கோணத்தை எப்படிங்க காதால கேக்கறது? மேப்னா கண்ணு வேணும், புது மொழியோட உச்சரிப்புன்னா காது வேணும், என் கணக்குக்கு கை ஓடியே ஆகணும், நான் போர்டுல போடறதை பார்த்து தலையாட்டறவனுக்கெல்லாம் எக்ஸாம் ஹால்ல பேனா நின்னுடும்.

என் கிளாஸ்ல ஒரு பொண்ணு இருந்தா. புக்கு முழுக்க கலர் கலரா ஹைலைட்டர், பார்க்க அவ்வளவு அழகு, ஒரு பாடத்தை நாலு தடவை வாசிப்பா. எக்ஸாம்ல பிளாங்க். “எல்லாம் தெரியும் மேடம், எழுதறப்போ மட்டும் வரல” அப்படின்னு அழுவா. எனக்கு அப்ப புரியல, பின்னாடிதான் ஒரு ஆராய்ச்சி பத்தி படிச்சேன். 2006ல ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு பேர் பண்ணினது. காலேஜ் பசங்கள்ல ஒரு குரூப் ஒரு பகுதியை நாலு ரவுண்டும் வாசிச்சுக்கிட்டே இருக்கு, இன்னொரு குரூப் ஒரு ரவுண்டு வாசிச்சுட்டு மிச்ச மூணு ரவுண்டும் பார்க்காம ஞாபகம் வர்றதை எழுதுது. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டா வாசிச்ச குரூப்தான் ஜெயிக்குது. ஒரு வாரம் கழிச்சு கேட்டா? வாசிச்சவங்களுக்கு 40 சதவீதம்தான் ஞாபகம் இருக்கு, எழுதிப் பார்த்தவங்களுக்கு 61. இத்தனைக்கும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்னு அதிகமா நம்பினது அந்த நாலு ரவுண்டு வாசிச்ச கூட்டம்தான். நம்ம பொண்ணு அப்படியே அதுல நிக்கறா பாருங்க.

அதனால இப்ப நான் பேரன்ட்ஸ்கிட்ட சொல்றது இதுதான், பிள்ளைக்கு எது பிடிக்குதோ அதை புக்கை மூடினதுக்கப்புறம் செய்யச் சொல்லுங்க. படம் பிடிக்குமா, புக்கை மூடிட்டு இதயத்தை வரைஞ்சு ரத்தம் எங்கேருந்து எங்க போகுதுன்னு அம்பு போடட்டும், அப்புறம் திறந்து செக் பண்ணட்டும். பேசப் பிடிக்குமா, போன்ல ரெக்கார்டிங் போட்டுட்டு கிளாஸ் எடுக்கற மாதிரி பேசட்டும், எங்க திக்குதோ அதான் தெரியாத இடம். இல்ல, தம்பி தங்கச்சிக்கு சொல்லிக்குடுக்கட்டும், அதுங்க கேக்கற “ஏன்?” இருக்கே, அதுக்கு மேல எக்ஸாமினர் கிடையாது. எழுதற டைப்னா ஒரு வெள்ளைத்தாள் போதும். ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கறானா, கேள்வியை சின்ன சின்ன அட்டையில எழுதி ரூம் முழுக்க ஒட்டுங்க, நடந்துக்கிட்டே பதில் சொல்லட்டும், யார் வேணாம்னா.

இதை ஒரே ராத்திரியில பண்ணினா பிரயோஜனம் இல்ல. இன்னிக்கு ஒண்ணு, ரெண்டு மூணு நாள் விட்டு ஒண்ணு, அடுத்த வாரம் ஒண்ணுன்னு இடைவெளி விடணும். நடுவுல கொஞ்சம் மறக்கும், மறக்கட்டும், கஷ்டப்பட்டு இழுத்து வெளிய எடுக்கறதுலதான் அது பதியுது. அப்புறம் ஒரு ரிக்வெஸ்ட், பிள்ளை யோசிச்சுக்கிட்டு இருக்கறப்போ பக்கத்துல உக்காந்து பதிலை எடுத்துக் குடுக்காதீங்க. அந்த பத்து செகண்ட் அமைதி நமக்குதான் தாங்காது.

அந்த ஹைலைட்டர் பொண்ணையும் இதயம் வரையச் சொன்னேன், பார்க்காம. முதல் தடவை நாலு அறை போட்டா, வால்வு ஒண்ணு கூட இல்ல, முகம் சிவந்துடுச்சு. மூணு நாள் கழிச்சு மறுபடி வரைஞ்சப்போ எல்லாம் வந்துடுச்சு, நுரையீரலுக்கு போற அம்பு மட்டும் திரும்பி நின்னுச்சு. அவங்க அம்மா பார்த்துட்டு, “படம் போட்டதும் வந்துடுச்சு பாருங்க, அப்போ இவ விஷுவல்தானே மேடம்?”னு கேட்டாங்க. நான் ஆமாவும் சொல்லல, இல்லன்னும் சொல்லல, அந்த ஒரு அம்பை மட்டும் அடுத்த வாரம் பார்க்காம போடச் சொல்லுங்கன்னு அனுப்பி வச்சேன்.