பிள்ளை சாய்த்தது, பில்லை அப்பாவிடம் நீட்டு

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, அக்காமார்களே, காலையில் முல்லைப் பெரியாறு அணை கட்டிய பென்னிகுவிக் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைத்துவிட்டு, அந்தக் களைப்போடு இந்தத் தேனி மாவட்டக் கூடலூர்ப் பனியிலும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். தலைப்பை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன், எதிரணி அண்ணன் கர்ணன், பாரி என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்ததில் பாதிப் பேருக்கு மறந்தே போயிருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை விளையாட்டுப் போக்கில் நம்ம பைக்கைச் சாய்த்துச் சேதமாக்கிவிட்டது. பெற்றவரிடம் செலவைக் கேட்டு வாங்குவதா, பெருந்தன்மையாக விட்டுவிடுவதா? நான் கேட்டு வாங்கச் சொல்லும் அணி.

எங்கள் அணிக்குக் கைதட்டல் குறைவாகத்தான் விழும், தெரிந்துதான் வந்தோம். "விட்டுவிடு" என்பவன் வள்ளல், "காசைக் கேள்" என்பவன் கஞ்சன், மேடையில் அது அப்படித்தான். ஆனால் நடுவர் அவர்களே, விட்டுவிட்டேன் என்று சொல்கிற ஆள் நிஜமாகவே விட்டுவிட்டாரா என்று யாராவது ஒரு வாரம் பின்னாலேயே போய்ப் பார்த்தீர்களா?

நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குச் சாயங்காலம் "சின்னப்பிள்ளைதானே, விடுங்க அண்ணே" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார். ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் ஆரம்பிப்பார். மறுநாள் டீக்கடையில் சொல்லுவார், அப்புறம் மெக்கானிக்கிடம், அப்புறம் மச்சானிடம் போனில், ஒரு வாரத்துக்குள் பெற்றவரைத் தவிர தெருவில் அத்தனை பேருக்கும் அந்த டேங்க் சொட்டையின் ஆழமும் அகலமும் தெரிந்துவிடும். அந்தப் பையன் வண்டி ஓரமாக நடந்து போனாலே "டேய், தள்ளிப் போடா" என்று ஒரு அதட்டல். பையனுக்கு எதற்கு அதட்டுகிறார் என்றே புரியாது, அவன் அப்பா அம்மாவுக்கும் புரியாது, "என்ன, முன்ன மாதிரி பேச மாட்டேங்கிறார்" என்று அவர்களும் முகத்தைத் திருப்ப ஆரம்பிப்பார்கள். எதிரணி அக்கா "காசைக் கேட்டால் உறவு போய்விடும்" என்றார்கள். அக்கா, நீங்கள் சொல்கிற உறவு கேட்காததாலேயே போய்க்கொண்டிருக்கிறது. கேட்டிருந்தால் அரை மணி நேரச் சங்கடம், அதோடு முடிந்தது.

சரி, வண்டிக்கு வருவோம். எதிரணியில் "ஒரு கீறலுக்கா இவ்வளவு?" என்று கேட்டார்கள். பைக் என்றால் வாசலில் அழகுக்கு நிற்கிற சாமான் மாதிரிப் பேச்சு. இந்த ஊரில் பைக் என்றால் விடிவதற்கு முன்னால் லோயர் கேம்ப் தாண்டி, மலை ஏறி, குமுளிக்குக் கொத்து வேலைக்கும் கடை வேலைக்கும் ஏலத்தோட்டத்துக்கும் போகிற வண்டி. திராட்சைப் பெட்டி ஏற்றுகிற வண்டி, பால் கேன் தொங்குகிற வண்டி. அது ஒரு நாள் நின்றால் அன்றைக்குக் கூலி நிற்கும்.

நின்ற இடத்தில் சாய்ந்த வண்டியில் என்ன ஆகும் தெரியுமா? இடது பக்கம் சாய்ந்தால் முதலில் தரையைத் தொடுவது கண்ணாடி, இண்டிகேட்டர், கிளட்ச் லிவர். கண்ணாடியும் இண்டிகேட்டரும் உடைந்தது கண்ணுக்குத் தெரியும். லிவர்தான் மோசம். அது வார்ப்பு அலுமினியம், இரும்பு மாதிரி வளைத்து நிமிர்த்தினால் தாங்காது. லேசாக வளைந்த லிவரை நம் ஆள் என்ன செய்வார்? அதான் பெருந்தன்மையாக விட்டாச்சே, கைக்காசைப் போட்டுப் புதிசு வாங்க மனசு வராது. ஒரு கல்லை அடியில் வைத்து, இன்னொரு கல்லால் தட்டி நிமிர்த்துவார். பார்க்க நேராகத்தான் இருக்கும். ஆனால் வளைந்த இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் உட்கார்ந்திருக்கும், நகத்தால் தடவினால்தான் தெரியும். அது அன்றைக்கே உடையாது, குமுளி மலையில் ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில், பின்னால் தோட்டத்து ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போது, கியரை மாற்ற அழுத்துகிற நேரம் கையோடு வரும். வலது பக்கம் சாய்ந்திருந்தால் அதே கதை முன் பிரேக் லிவருக்கு, அதுவும் இறக்கத்தில். ஹேண்டில் பெண்டா, ஃபோர்க் திருகியிருக்கிறதா, டேங்கிலிருந்து பெட்ரோல் கசிந்திருக்கிறதா என்று மெக்கானிக் பார்க்காமல் அந்த வண்டியில் ஏறக்கூடாது. கேட்டு வாங்கினால் வண்டி ஒழுங்காக ஒர்க்‌ஷாப்புக்குப் போகும். கேட்காமல் விட்ட வண்டி கல்லடி வைத்தியத்தோடு மலை ஏறும். எது பெருந்தன்மை என்று பின் சீட்டில் உட்காருகிறவரைக் கேளுங்கள்.

அடுத்து, எதிரணித் தலைவர் பெரிய பிரம்மாஸ்திரம் மாதிரி ஒன்றை எடுத்து விட்டார்: "இன்சூரன்ஸ் இருக்கே!" இருக்கிறது அண்ணே, என்ன இன்சூரன்ஸ் என்று உங்கள் பாலிசியை எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீடு. நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகிற காயத்தையும் சேதத்தையும்தான் அது பார்த்துக்கொள்ளும், நம் வண்டிக்குச் சல்லிக்காசு வராது. 2018 செப்டம்பரிலிருந்து புது பைக் வாங்கினால் இந்த மூன்றாம் நபர் காப்பீட்டை ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தே கட்ட வேண்டும், அதனால் பல பேர் "எனக்கு ஐந்து வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு" என்று நிம்மதியாகத் தூங்குகிறார்கள். வண்டிச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் முதல் வருஷத்தோடு முடிந்திருக்கும், தனியாகப் புதுப்பித்தால்தான் உண்டு. புதுப்பித்தவர்களும் கேளுங்கள்: சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் சாமானுக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழித்துவிட்டுத்தான் தருவார்கள், பைக் சாய்ந்தால் உடைகிறதில் பாதி பிளாஸ்டிக். அதற்கு மேல், கிளெய்ம் செய்யாமல் இருந்தால் முதல் வருஷம் 20 சதவீதம், கூடிக்கூடி 50 சதவீதம் வரை பிரீமியத்தில் கிடைக்கிற போனஸ், ஒரு தடவை கிளெய்ம் போட்டால் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யம். ஒரு இண்டிகேட்டருக்காக அதை யார் இழப்பார்கள்?

இன்னொன்று கேட்டார்கள், இது நியாயமான கேள்விதான். "சட்டமே குழந்தையை விட்டுவிடுகிறது, நீ யார் கேட்க?" உண்மை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 20ஆவது பிரிவு, ஏழு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை செய்தது எதுவும் குற்றமே இல்லை என்கிறது, பழைய தண்டனைச் சட்டத்தில் இதுவே 82ஆவது பிரிவு. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை, செய்வது இன்னதென்று உணரும் பக்குவம் பிள்ளைக்கு இல்லாவிட்டால் அதுவும் குற்றமில்லை. இன்னும் எங்களுக்கு எதிரானதையே சொல்கிறேன், பெற்றவர் என்ற ஒரே காரணத்துக்காக அப்பாவை நஷ்ட ஈடு கட்டச் சொல்லவும் நம் சட்டத்தில் இடமில்லை, அவருடைய கவனக்குறைவு இருந்ததென்று காட்ட வேண்டும். ஆக, ஸ்டேஷனுக்குப் போய் இது ஆகாது, கோர்ட்டுக்குப் போனால் லிவர் விலையைவிட பஸ் சார்ஜ் கூடுதல். அதனால்தான் சொல்கிறோம், நேரில் போய்க் கேள் என்று! இரண்டு பெரியவர்கள் ஒரு திண்ணையில் உட்கார்ந்து பேசித் தீர்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழியே கிடையாது.

பெற்றவருக்குப் பொறுப்பு உண்டா இல்லையா என்பதைத் திருவாரூரில் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். மனுநீதிச் சோழன் மகன் தேரில் போகிறான், கன்றுக்குட்டி தானாக ஓடிவந்து சக்கரத்தில் விழுகிறது. மந்திரிகள் எல்லாம் "இளவரசர் தெரிந்து செய்யவில்லை, ஒரு பரிகாரம் செய்தால் போதும்" என்றார்கள், அதாவது எதிரணி அன்றைக்கே இருந்திருக்கிறது. அப்பா கேட்கவில்லை. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றைக்குச் சிலையாக நிற்பது அந்த அப்பாதான், மந்திரிகளுக்குச் சிலை இல்லை. அங்கே தேர் கன்றை இடித்தது, நம்ம கதையில் கன்று தேரை இடித்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பயப்படாதீர்கள், மகன் மேல் தேர் ஏற்றச் சொல்லவில்லை, ஒரு லிவரும் ஒரு இண்டிகேட்டரும்தான் கேட்கிறோம்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிள்ளையிடம் கேட்கக்கூடாது, பிள்ளை முன்னால் வைத்து அப்பாவைக் கேட்கக்கூடாது, தெருவில் நின்று கேட்கவே கூடாது. பயந்துபோன பையன் அடுத்த தடவை எதையாவது உடைத்தால் சொல்லாமல் ஓடிவிடுவான், உடைத்தது யார் என்றே நமக்குத் தெரியாமல் போகும். அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, வண்டி சாஞ்சிருச்சு, வாங்க, மெக்கானிக் கடை வரைக்கும் போய்ட்டு வருவோம்" என்றால் போதும். மெக்கானிக் சொல்கிற கணக்கை இரண்டு பேரும் சேர்ந்தே கேட்கட்டும். போன தீபாவளிக்கு நாமே சுவரில் உரசிய கோட்டையும் இந்தப் பில்லில் ஏற்றுகிற புத்திசாலிகளுக்கு எங்கள் அணி வக்காலத்து வாங்காது. பத்து வருஷ வண்டிக்குப் புது டேங்க் கேட்பதும் தப்பு, டிங்கரிங் பார்த்து பெயின்ட் அடிக்கிற காசு போதும். பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிற சந்தில், சரிவில், சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்தால் பாதிச் செலவு வண்டிக்காரன் தலையில்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

குமுளியில் ரோசாப்பூக்கண்டத்தில் வாடகைக்கு இருக்கிற நம்ம ஊர்க் கொத்தனார் ஒருத்தர். பக்கத்து வீட்டு மலையாளி சேட்டன் மகன் சைக்கிளைக் கொண்டுவந்து அவர் வண்டியில் விட்டுவிட்டான். இவர் எதிரணிக்காரர் மாதிரி, "பரவாயில்லை, பரவாயில்லை" என்று உள்ளே போய்விட்டார். காலையில் அந்தச் சேட்டன் வாசலில் வந்து நிற்கிறார், "எத்ர ஆயி, பற" என்று, அதாவது எவ்வளவு ஆச்சு, சொல்லு என்று. இவர் வேண்டாம் என்கிறார், அவர் நகரவே இல்லை. "நீங்க காசு வாங்கலேன்னா என் பையனை உங்க வாசலுக்கு விட எனக்குச் சங்கடமா இருக்கும்" என்று சொன்னாராம். நடுவர் அவர்களே, கொடுக்க நினைக்கிறவனுக்கும் ஒரு கௌரவம் இருக்கிறது, "வேண்டாம், வேண்டாம்" என்று தள்ளி அவரைக் கடன்காரராகவே நிறுத்தி வைப்பதற்குப் பெயர் தாராளமா?

"அந்த அப்பா இல்லாதப்பட்டவராக இருந்தால்?" என்று ஒரு அம்மா கீழே இருந்து கேட்டார்கள். அம்மா, அப்போதும் கேட்கத்தான் வேண்டும். கேட்டு, அவர் நிலைமையைச் சொன்ன பிறகு, "சரி, லிவருக்கு மட்டும் கொடுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்" என்றால் விட்டுக்கொடுத்தது நாம் என்று அவருக்கும் தெரியும், எவ்வளவு விட்டோம் என்று நமக்கும் தெரியும். வாயே திறக்காமல் வயிற்றெரிச்சலோடு இருந்துவிட்டு அதை விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்வதைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். தீர்ப்பை யோசித்துச் சொல்லுங்கள், அவசரம் இல்லை. அதற்கு முன்னால் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மேடைக்கு இடது பக்கம் நிற்கிற கறுப்பு வண்டியில் மூன்று வாண்டுகள் ஏறி ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள், சைடு ஸ்டாண்டில்தான் நிற்கிறது. யார் வண்டி என்று மைக்கில் கேளுங்கள். எதிரணி அண்ணனுடையது என்றால் அவசரப்பட வேண்டாம், அவர் விட்டுவிடுவார்.