நீல இ, நெருப்பு நரி, சிவப்பு ஓ

நேயர்களுக்கு வணக்கம்.

2002-லிருந்து பன்னிரண்டு வருடம் மன்னார்குடியில் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். எட்டு கம்ப்யூட்டர், நடுநடுவே பிளைவுட் தடுப்பு, மணிக்கு இருபது ரூபாய். எங்கள் பக்கத்தில் பல பேர் இணையத்தை முதன்முதலாகப் பார்த்தது அந்தக் கடையில்தான். கடையை மூடி இத்தனை வருடம் ஆகியும், தெருவில் பார்த்தால் நிறுத்தி, "எந்த பிரவுசர் நல்லது?" என்று கேட்கிறார்கள். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். உலாவி என்று நல்ல சொல் தமிழில் இருக்கிறது. இனி அதையே சொல்கிறேன்.

கடைக்கு வந்தவர்கள் உலாவியைப் பெயர் சொல்லிக் கேட்டது அபூர்வம். "அந்த நீல இ-யைத் திற தம்பி" என்பார்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் அடையாளம் நீல நிறத்தில் ஓர் ஆங்கில இ. அவர்களைப் பொறுத்தவரை அதுதான் இன்டர்நெட். விண்டோஸ் போட்டால் கூடவே அது வந்துவிடும், வந்ததைத் திறந்து உட்கார்ந்துவிடுவார்கள். பன்னிரண்டு வருடம் பார்த்ததில் சொல்கிறேன், ஒருவர் ஓர் உலாவியைப் பயன்படுத்துவதற்கு முதல் காரணம், அது ஏற்கெனவே அங்கே இருப்பதுதான். வேகம், அழகு, பாதுகாப்பு எல்லாம் அதற்கு அப்புறம்.

இதை மைக்ரோசாஃப்ட் நன்றாகப் புரிந்துவைத்திருந்தது. 1994-ல் வந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர்தான் அப்போது எல்லோரும் விரும்பிய உலாவி. மறுவருடமே மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்புளோரரைக் கொண்டுவந்தது. அதை இலவசமாகக் கொடுத்தது, பிறகு விண்டோஸோடு சேர்த்தே கொடுத்தது. அதற்காக 1998-ல் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. வழக்கு இழுத்துக்கொண்டு போவதற்குள் நெட்ஸ்கேப் தேய்ந்துவிட்டது. ஆனால் போவதற்கு முன்னால் ஒரு நல்ல காரியம் செய்தது. 1998-லேயே தன் மூல நிரலை, அதாவது உலாவியை உருவாக்கிய குறியீட்டை, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைத்தது. அதிலிருந்து மொஸில்லா வந்தது, மொஸில்லாவிலிருந்து 2004 நவம்பரில் பயர்பாக்ஸ் வந்தது.

எதிரி இல்லாமல் போன பிறகு எக்ஸ்புளோரருக்கு என்ன ஆனது? ஆறாம் பதிப்பு 2001-ல் வந்தது. ஏழாம் பதிப்பு 2006-ல் வந்தது. இடையில் ஐந்து வருடம் புதுப் பதிப்பே கிடையாது. அந்த ஐந்து வருடத்தின் பலனை என் கடையில் நான் அனுபவித்தேன். ஒரு பக்கத்தைத் திறந்தால் தானாக நாலு ஜன்னல் குதித்துத் திறக்கும். மேலே ஒன்றன்கீழ் ஒன்றாக, யாரும் கேட்காத டூல்பார்கள் ஏறிக்கொள்ளும். சனிக்கிழமை ராத்திரி கடையைச் சாத்திவிட்டு, எட்டு கம்ப்யூட்டரையும் துடைத்து எடுக்க மணி ஒன்றாகிவிடும்.

அந்த நேரத்தில்தான் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில் பயர்பாக்ஸ் கிடைத்தது. போட்டேன். குதிக்கிற ஜன்னல்கள் நின்றன. ஒரே ஜன்னலுக்குள் பல பக்கங்களை டேப் டேப்பாக, அதாவது தாவல் தாவலாக, வைத்துக்கொள்ள முடிந்தது. காலேஜ் பையன்கள் இரண்டே நாளில் பழகிவிட்டார்கள். தமிழில் வலைப்பதிவு எழுதுகிறவர்கள் அதற்கு நெருப்பு நரி என்று பெயர் வைத்தார்கள், கடையிலும் அது நரி ஆனது. உண்மையில் ஃபயர்பாக்ஸ் என்பது டார்ஜிலிங், சிக்கிம் பக்கத்துக் காடுகளில் வாழும் செம்பாண்டாவுக்கு இன்னொரு பெயர். ஆனாலும் நெருப்பு நரி என்ற பெயரின் மேல் எனக்கு இன்றும் ஆசை உண்டு.

சரி, நரி வந்துவிட்டதே, நீல இ-யைத் தூக்கிவிட்டேனா என்றால், முடியவில்லை. இரண்டு காரணம். முதலாவது, ஒரு விண்ணப்பத் தளம். எக்ஸ்புளோரரில் மட்டுமே வேலை செய்யும்படி அதைக் கட்டிவைத்திருந்தார்கள். ஒரு பையன் அரை மணி நேரம் உட்கார்ந்து நரியில் விவரங்களை நிரப்பினான். கடைசியில் சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தினால் அசையவில்லை. மறுபடி எக்ஸ்புளோரரில் முதலிலிருந்து நிரப்பவேண்டி வந்தது. அந்த இரண்டாவது அரை மணிக்கு நான் காசு வாங்கவில்லை.

இரண்டாவது காரணம் தமிழ். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் உலாவிகளை ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் யாரும் இதைச் சேர்ப்பதில்லை. 'கொடி' என்று எழுதினால், கொம்பு ககரத்துக்கு இடது பக்கமும் கால் வலது பக்கமும் போய் நிற்கவேண்டும். கம்ப்யூட்டருக்குள் முதலில் ககரம், அதன் பின்னால் ஒகரக் குறி என்றுதான் பதிவாகியிருக்கும். அதைப் பிரித்து உரிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது உலாவியும் விண்டோஸும் சேர்ந்து செய்யும் வேலை. பழைய நரி, வரியின் இரண்டு ஓரமும் சமமாக இருக்கும்படி அமைத்த பக்கங்களில் இதைக் கோட்டைவிட்டது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளிபுள்ளியாக ஒரு வட்டம். ஒரு முழுப் பக்கமும் அப்படி உடைந்து கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். வலைப்பதிவு எழுதுகிறவர்களிடம், "தயவுசெய்து இடது பக்கம் மட்டும் ஒழுங்குசெய்து போடுங்கள், நரியில் படிக்க முடியவில்லை" என்று கருத்துப் பகுதியில் கேட்டுக்கொள்வோம். ஆகவே கடையில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஆங்கிலம் என்றால் நரி, தமிழ் என்றால் நீல இ.

2008 ஜூனில் பயர்பாக்ஸ் 3 வந்தபோது அந்த உடைப்பு சரியானது. வெளியான முதல் 24 மணி நேரத்தில் 80 லட்சத்துக்கு மேற்பட்ட தடவை அதை இறக்கினார்கள், கின்னஸில் பதிவானது. அதில் ஒன்று என் கடையில் இறக்கியது. இறக்கி முடிந்ததும் நான் திறந்த முதல் பக்கம், முந்தின நாள் வரை உடைந்து தெரிந்த ஒரு தமிழ்ப் பதிவு. கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நின்றன.

அப்புறம் இணையம் கடையை விட்டு மக்களின் சட்டைப்பைக்குப் போனது. இங்கேதான் சிவப்பு ஓ வருகிறது. நார்வேயில் 1995-ல் தொடங்கிய ஓப்பரா நிறுவனம், 2006-ல் ஓப்பரா மினி என்று ஒன்றை உலகம் முழுக்கக் கொடுத்தது. சாதாரண ஜாவா போனில் ஓடும். நீங்கள் கேட்கும் பக்கத்தை உங்கள் போன் நேராக எடுக்காது. ஓப்பராவின் சர்வர் எடுத்து, சுருக்கி, சின்னப் பொட்டலமாக அனுப்பும். அன்றைய மெதுவான இணைப்புக்கும், கிலோபைட் கணக்கில் காசு பிடித்த சிம் கார்டுக்கும் அது பெரிய உதவி.

ஆனால் தமிழர்கள் அதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. எனக்குப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்த வாத்தியார், 2010 வாக்கில் ஒருநாள் நோக்கியா போனோடு கடைக்கு வந்தார். வெளிநாட்டில் இருக்கிற பெண் தமிழில் எழுதுகிற வலைப்பதிவு. போனில் திறந்தால் கட்டம் கட்டமாக வருகிறது. "எழுத்தே இல்லை தம்பி, வெறும் ஜன்னலாக இருக்கிறது" என்றார். அந்த போனில் தமிழ் எழுத்துரு கிடையாது, வெளியிலிருந்து போடவும் வழியில்லை. ஆனால் ஓப்பரா மினியில் ஒரு வழி இருந்தது, வலைப்பதிவுகளில் அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். முகவரி அடிக்கும் இடத்தில் ஓப்பரா என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, கான்ஃபிக் என்று அடிக்கவேண்டும். ஒரு பட்டியல் திறக்கும். கீழே இறங்கிக்கொண்டே போனால், சிக்கலான எழுத்துகளுக்குப் பட எழுத்துகளைப் பயன்படுத்தவா என்று ஒரு வரி இருக்கும். அதில் இல்லை என்பதை ஆம் என்று மாற்றிச் சேமிக்கவேண்டும். மாற்றினால், தமிழ் எழுத்துகளை ஓப்பராவின் சர்வரே படமாக வரைந்து அனுப்பிவிடும். போனுக்கு எழுத்துருவே தேவையில்லை.

மாற்றிக் கொடுத்தேன். பக்கம் மெதுவாகத்தான் வந்தது, படம் அல்லவா. முதல் வரி வந்ததும் வாத்தியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் நின்றுகொண்டே பத்து நிமிடம் படித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வேறு உலாவியை அவர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

யுசி பிரவுசருக்கும் இப்படி ஒரு காரணம் இருந்தது. பாதியில் சிக்னல் போனாலும், விட்ட இடத்திலிருந்து டவுன்லோடைத் தொடரும். பாட்டு இறக்குகிற பையன்களுக்கு வேறென்ன வேண்டும்? இந்தியாவில் போன்களில் கொஞ்ச காலம் அதுதான் முன்னணியில் இருந்தது. ஆனால் பயனாளர் இருக்கும் இடம் போன்ற விவரங்களை அது சரியான பூட்டு இல்லாமல் அனுப்புகிறது என்று டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2015-ல் கண்டுபிடித்துச் சொன்னது. 2020 ஜூனில் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. வசதியைப் பார்த்த நாங்கள், அதற்கு ஈடாக என்ன போகிறது என்பதைப் பார்க்கவில்லை. அந்தப் பையன்களுக்கு யுசியைப் போட்டுக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன், அந்த வருத்தம் எனக்கு உண்டு.

இன்றைய நிலைமைக்கு வருகிறேன். 2008 செப்டம்பரில் கூகுள் கொண்டுவந்த குரோம் உண்மையிலேயே நல்ல சரக்கு. ஒவ்வொரு தாவலையும் தனித்தனியாக ஓட்டியதால், ஒரு பக்கம் விழுந்தாலும் மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். மெமரி அதிகம் தின்னும் என்பதும் உண்மை. அது தன் வேகத்தால்தான் முதலில் ஜெயித்தது. பிறகு ஆண்ட்ராய்டு போன்களில் கூடவே வந்தது. மறுபடியும் அதே முதல் காரணம்தான், ஏற்கெனவே அங்கே இருக்கிறது. இன்றைக்கு உலகில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பயன்பாடு குரோமில் நடக்கிறது.

"அதான் எட்ஜ் இருக்கு, பிரேவ் இருக்கு, ஓப்பரா இருக்கு, விவால்டி இருக்கு, நம்ம ஸோஹோவின் உலா இருக்கே" என்று கேட்பீர்கள். கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சேசிஸ் கம்பெனியிலிருந்து வரும், அதன்மேல் ஒருவர் ஸ்லீப்பர் கட்டுவார், ஒருவர் டவுன் பஸ் கட்டுவார். இந்த உலாவிகள் எல்லாமே, குரோமுக்கும் அடிப்படையாக இருக்கும் கூகுளின் குரோமியம் என்ற ஒரே சேசிஸ் மேல் கட்டிய பாடிகள். ஓப்பரா தன் சொந்த எஞ்சினை, அதாவது பக்கத்தை வரைந்து காட்டும் உள்பகுதியை, 2013-ல் கைவிட்டது. மைக்ரோசாஃப்டே 2020-ல் எட்ஜை இந்தச் சேசிஸுக்கு மாற்றிக்கொண்டது. பரவலாகப் புழங்கும் வேறு எஞ்சின்கள் இரண்டுதான். ஆப்பிள் சஃபாரியின் வெப்கிட் ஒன்று, பயர்பாக்ஸின் கெக்கோ ஒன்று. ஐபோனில் நம் ஊரில் நீங்கள் எதைப் போட்டாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான், அது ஆப்பிளின் விதி.

பாடி வேறாக இருப்பதும் சும்மா இல்லை. பிரேவ் விளம்பரங்களையும் பின்தொடரும் நிரல்களையும் தானே தடுக்கிறது. விவால்டியில் தாவல்களை அடுக்கி வைத்துக்கொள்ளலாம், ஐம்பது பக்கம் திறந்து வேலை செய்கிறவர்களுக்கு அது வரம். சென்னையைச் சேர்ந்த ஸோஹோ 2023-ல் கொண்டுவந்த உலாவில் குழந்தைகளுக்கென்று தனிப் பயன்முறை இருக்கிறது. அந்தப் பெயரைத் திரையில் பார்க்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. என்றாலும் எஞ்சின் ஒருவர் கையில் இருந்தால், வழி எது என்பதையும் அவரே முடிவு செய்வார். நீட்சிகளுக்கு, அதாவது உலாவியோடு நாம் சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல்களுக்கு, குரோம் புது விதி கொண்டுவந்தபோது, யுபிளாக் ஆரிஜின் என்ற நல்ல விளம்பரத் தடுப்பு அதில் வேலை செய்ய முடியாமல் போனது. பயர்பாக்ஸில் அது இன்றும் அப்படியே ஓடுகிறது, ஆண்ட்ராய்டு போனிலும்கூட. எக்ஸ்புளோரர் தூங்கிய அந்த ஐந்து வருடத்தை அனுபவித்தவன் என்பதால், நான் இன்றும் நரியை விடவில்லை. நரியை உருவாக்கும் மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுளைத் தேடுபொறியாக வைப்பதற்காகக் கூகுள் கொடுக்கும் பணம்தான். இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. என்றாலும் வேறு வழி திறந்திருக்கிற வரை நரியில்தான் இருப்பேன்.

மாறிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று. குறித்துவைத்த பக்கங்களும் கடவுச்சொற்களும் போய்விடுமோ என்று பயப்படவேண்டாம். கம்ப்யூட்டரில் புதிதாகப் போடும் உலாவி பெரும்பாலும் பழையதிலிருந்து எடுத்துக்கொள்ளவா என்று கேட்கும், ஐந்து நிமிட வேலை. கடவுச்சொற்களை மட்டும் சில சமயம் பழையதிலிருந்து கோப்பாக எடுத்துச் சேர்க்கவேண்டி வரும். பழையதை உடனே நீக்காமல் ஒரு வாரம் இரண்டையும் வைத்துப் பாருங்கள்.

எங்கள் வாத்தியாருக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. இரண்டு கண்ணிலும் புரை, ஒன்றில் அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தேன். பெண்ணின் பதிவைப் படிக்க முடியவில்லை என்றார். பேரன் விட்டுப்போன லேப்டாப் இருந்தது, அதில் எட்ஜ் இருந்தது. எட்ஜில் பக்கத்தைச் சத்தமாகப் படிக்கும் வசதி உண்டு, தமிழிலும் படிக்கும். கண்ட்ரோலையும் ஷிஃப்டையும் பிடித்துக்கொண்டு யு எழுத்தை அழுத்தவேண்டும். குரல்களுக்குப் பெயர்கூட வைத்திருக்கிறார்கள். பெண் குரல் பல்லவி, ஆண் குரல் வள்ளுவர். நரியின் ஆள் நான்தான் அன்றைக்கு அவருக்கு எட்ஜைத் திறந்து கொடுத்தேன்.

பல்லவி இரண்டு பத்தி படித்தது. வாத்தியார் கண்ணை மூடிக் கேட்டார். "ழகரம் சுத்தமாக வருகிறது தம்பி" என்றார். கொஞ்சம் வேகமாகப் போகிறது என்றார், குறைத்து வைத்தேன். பிறகு, "அந்த வள்ளுவரையும் ஒரு தடவை போடு, பார்ப்போம்" என்றார்.