பேச்சிப்பாறைக்குக் கீழ ஃபிளை ராடு: ட்ரவுட் இல்ல, தங்கூஸ் உண்டு

வணக்கம் மக்கா. இன்னைக்கு கன்னியாகுமரி மாவட்டத்துல பேச்சிப்பாறை அணைக்குக் கீழ ஆத்துல ஃபிளை ராடு வச்சு மீன் பிடிக்குறதைப் பாப்போம். ஃபிளைன்னா முள்ளுல நூலைச் சுத்தி பூச்சி, புழு மாதிரி கட்டுன போலி இரை. மொதல்ல இந்தச் சுருளைப் பாருங்க. 0.18 மில்லிமீட்டர் தங்கூஸ், அதாவது நைலான் நரம்பு, குளச்சல்ல வலை சாமான் விக்கிற கடையில வாங்குனது. நூறு மீட்டர், அறுபது ரூபா. பக்கத்துல இருக்கது ஆன்லைன்ல வந்த 4எக்ஸ் டிப்பெட், ஃபிளையைக் கட்டுற நுனி நரம்பு. முப்பது மீட்டர், ஆயிரத்து நூறு ரூபா! ரெண்டும் ஒரே தடிப்பு. 11லேருந்து எக்ஸ் நம்பரைக் கழிங்க, 7 வரும். அதாவது ஒரு இஞ்சுல ஆயிரத்துல 7 பங்கு, 0.18 மில்லிமீட்டர். அம்புட்டுதான் கணக்கு. எக்ஸ்னு எழுதுனா வெல ஏறிரும், கேட்டியளா.

ஒண்ணு மட்டும் பாத்து வாங்கணும். கடை வாசல்ல வெயில்ல தொங்குற சுருளைத் தொடாதீங்க, நைலான் வெயில்ல கெட்டுரும். உள்ள பெட்டியில இருக்கதைக் கேளுங்க. ஸ்க்ரூ கேஜ் வச்சு மூணு எடத்துல அளந்து பாருங்க. அங்கங்க தடிப்பு மாறுனா மெலிஞ்ச எடத்துல அந்து போவும். வெல கூடுன டிப்பெட்டுல நமக்குக் கிடைக்குற லாபம் இந்த ஒரே சீர்தான். லீடர்னா லைனுக்கும் டிப்பெட்டுக்கும் நடுவுல வர்ற, நுனி மெலிஞ்ச நரம்பு. அதோட நுனியில சேக்கும்போது சர்ஜன் முடிச்சு, மூணு சுத்து. இறுக்குறதுக்கு முன்ன எச்சில்ல நனைக்கணும். காஞ்ச முடிச்சைச் சடார்னு இழுத்தா உரசுற சூட்டுல நரம்பு செத்துரும்.

சரி, "இங்க ட்ரவுட் கிடைக்குமா அண்ணே?" கிடைக்காது. எத்தனை வாட்டி கேட்டாலும் கிடைக்காது. அது குளிர்ந்த தண்ணி மீனு, தண்ணி 20 டிகிரி தாண்டுனாலே ட்ரவுட்டுக்குக் கஷ்டம். அமெரிக்காவுல நவஹோ அணைக்குக் கீழ சான் ஹுவான் ஆத்துல கோடையிலயும் ட்ரவுட் இருக்குன்னா காரணம் வேற. குளிர்காலத்துல ஆறிப்போன தண்ணி கனமா அணையோட அடியில போய்க் கெடக்கும். தண்ணிக்குக் கனம் கூடுதலா இருக்கது 4 டிகிரியிலதான். மதகு ஆழத்துல இருக்கதால அந்தக் குளிர்ந்த தண்ணி வெளிய வருது. பேச்சிப்பாறைக்கு மொத்தக் கொள்ளளவே 48 அடி. நமக்கு மார்கழியும் அப்படி ஒண்ணும் குளிராது, பிறகு அடியில குளிர் எங்கேருந்து வரும்? ட்ரவுட்தான் வேணும்னா நீலகிரி ஏறுங்க. அவலாஞ்சியில 1907லேருந்து குஞ்சுப் பண்ணை இருக்கு.

ஆனா அணைக்குக் கீழ மீன் பிடிக்குற வழி இங்கயும் அதேதான். மடுவுல அடிவண்டல்ல சின்னச் செவப்புப் புழு கெடக்கும். அதைத்தான் சிலேபி மேயும், கெண்டையும் மேயும். அந்தப் புழு மாதிரியே ஃபிளை கட்டணும்: 14ஆம் நம்பர் தூண்டில் முள்ளு, ரெண்டரை மில்லிமீட்டர் பித்தளை மணி, செவப்பு நூல். மேல அஞ்சாறு சுத்து மெல்லிய செம்புக்கம்பி. கம்பிக்குக் கடைக்குப் போவாண்டாம், கெட்டுப்போன சார்ஜர் காயில்ல இருக்கும். நூலைத் தடிப்பா சுத்தாதீங்க, கொழுத்த புழு எனக்குப் பிடிக்காது, மீனுக்கும் பிடிக்காது.

அஞ்சாம் வெயிட் ராடு (அஞ்சாம் நம்பர் லைனுக்கு ஏத்தது), 9 அடி. லீடரும் 9 அடி. மிதவையை, புழுவுலேருந்து தண்ணி ஆழத்துல ஒன்றரை மடங்கு தூரத்துல மேல கட்டணும். மூணு அடி மடுன்னா நாலரை அடி. மேலோட்டத் தண்ணி வேகமா ஓடும், அடியில மெதுவா ஓடும். அதனால லைனை எறிஞ்ச உடனே நீரோட்டத்துக்கு எதிரா ஒரு வாட்டி தூக்கிப் போடணும். இல்லன்னா லைன் புழுவை இழுத்துட்டுப் போவும், இழுபடுற புழுவை மீன் தொடாது. ஆ, விட்டுப்போச்சு: ஈயக்குண்டு. புழுவுக்கு ஒரு சாண் மேல, சின்னது ஒண்ணு. அப்பப்ப மிதவை லேசா இழுபடணும், அப்பத்தான் புழு தரையைத் தொடுதுன்னு அர்த்தம். இழுபடவே இல்லன்னா இன்னொரு குண்டு சேருங்க.

இனி சொல்றதை ஓட்டிப் பாக்காதீங்க. காலையில அணை நிலவரம் பாக்கும்போது பாசனத்துக்கு எம்புட்டு, உபரி எம்புட்டுன்னு தனித்தனியா போட்டிருக்கும். பாசனத் தண்ணி கால்வாய்ல போவுது, ஆத்துக்கு வாறது உபரி. நமக்கு வேண்டியது அந்த ரெண்டாவது எண்ணு. அது பூச்சியமா இருந்தாத்தான் ராடை எடுக்கணும். இதே ஆத்துல கீழ இருக்க திற்பரப்பு அருவியில குளிக்கத் தடைன்னு செய்தி வந்தா ராடு வீட்டுலயே இருக்கட்டும். மலையில மழை பெஞ்சா மத்தியானமே கணக்கு மாறிரும். கரையோரம் ஒரு குச்சி குத்தி வையுங்க. சருகும் நுரையும் மெதந்து வந்தாலோ, தண்ணி குச்சியில ரெண்டு விரக்கடை ஏறுனாலோ லைனைச் சுத்திட்டு நிக்காம, வந்த கரைக்கே ஏறிருங்க. மறுகரைக்குப் போயிட்டா திரும்ப வழி இருக்காது.

மதகுக்கு நேர் கீழ நிக்கப்பிடாது. மீன் குத்தகை யாருக்குன்னு கேட்டு, சரின்னு சொன்ன பிறகுதான் லைனைப் போடணும். முள்ளு நுனிக்குப் பக்கத்துல பின்னால பாத்து நிக்குற சின்ன எதிர்முனையைக் குறடு வச்சு நசுக்கிருங்க, சின்னக் கெண்டையைத் திருப்பி விட லேசா இருக்கும். விராலுக்கு இந்த 0.18 பத்தாது, கரையோரப் புல்லுல சுத்தி அத்துட்டுப் போயிரும். அதுக்கு 0.35 நரம்பு, தவளை மாதிரி கட்டுன பெரிய ஃபிளை. அதைக் கட்டுறது அடுத்த வீடியோ.