இரண்டு ரோல்ஸின் கணக்கு

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, சபையோரே, எல்லாருக்கும் வணக்கம். ஏழு நிமிடம்தான் தந்திருக்கிறீர்கள். வணக்கத்தை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

"ஆரோக்கியமாகச் சாப்பிட நினைப்பவருக்குக் குற்ற உணர்ச்சி துணையா, தடையா?" இதுதான் தலைப்பு. தடை என்று பேச வந்திருக்கிறேன். மூன்று பக்கம் எழுதியும் கொண்டுவந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு வார்த்தை சொன்னார், நீங்களும் கை தட்டினீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் இந்த மூன்று பக்கத்தையும் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

தம்பி என்ன சொன்னார்? "அக்கா குற்ற உணர்ச்சி கூடாது எண்டுதான் பேசுவா. ஏனெண்டா, நிகழ்ச்சி தொடங்க முதல் மண்டபத்துக்குப் பின்னால ரெண்டு ரோல்ஸோட நிண்டவ. நான் கண்டனான்." சரிதானே தம்பி?

உண்மை. நின்றேன். இரண்டு ரோல்ஸ் வாங்கினேன். மீன் ரோல்ஸ், நல்ல சூடு. அந்த இரண்டுக்கும் உரிய கணக்கைக் கடைசியில் சொல்கிறேன், தம்பி எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் அந்த இடத்தில் சபை சிரித்ததே, அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் ஒரு புத்தகத்தோடு நின்றிருந்தால் தம்பி அதை மேடையில் சொல்லியிருப்பாரா? குடையோடு நின்றிருந்தால்? "கண்டனான்" என்ற சொல்லை நாங்கள் எதற்குப் பாவிக்கிறோம்? பள்ளிக்கூட மதிலால் பாய்ந்தவனைக் கண்டனான். மாமரத்தில் களவாகக் கல்லெறிந்தவனைக் கண்டனான். இப்போது, பசித்த ஒரு மனுசி ரோல்ஸ் வாங்கியதையும் கண்டனான். சாப்பாடு எப்போது களவானது? தம்பியில் எனக்குக் கோபம் இல்லை. அவர் பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் பகிடி பலிக்க வேண்டுமென்றால் கேட்கிறவர் மனதில் அந்த எண்ணம் முதலே இருக்க வேண்டும். இந்த மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேர் மனதிலும் இருக்கிறது. அதனால்தான் சிரித்தோம்.

கொழும்பில் எந்தக் கலியாண வீட்டுக்கும் போய்ப் பாருங்கள். வடையை எடுக்கும்போதே "இண்டைக்கு மட்டும்தான்" என்று சொல்கிற அன்ரிமார் எத்தனை பேர்! யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் இருப்பவர் தன் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். இருந்தாலும் அந்த அன்ரி யாருக்கோ வாக்குமூலம் கொடுக்கிறார். விடிய ஐந்தரைக்கு மரைன் டிரைவில் நடக்கிறவர்களைக் கேளுங்கள். "ராத்திரிக் கொத்துச் சாப்பிட்டுட்டன், அதுதான் இண்டைக்கு ரெண்டு ரவுண்ட் கூட." பக்கத்திலேயே கடல். காற்று முகத்தில் அடிக்கிறது. அவருக்கு அது தெரியவே இல்லை, தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கிறார்.

எதிரணி சொன்ன நோய்க் கணக்கை நான் மறுக்கவில்லை. 2005, 2006 ஆண்டுகளில் நடந்த தேசிய ஆய்விலேயே, இலங்கையில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருக்கிறது என்று வந்துவிட்டது. அந்த ஐந்தில் ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார். சோறு குறைய வேண்டும், மரக்கறி கூட வேண்டும், சீனியைக் கண்டபாட்டுக்குப் போடக் கூடாது. இதில் எங்களுக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. 2016இல் இந்த நாட்டில் குளிர்பானப் போத்தல்களுக்கு நிறக் குறி வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவு என்றால் பச்சை, இடையில் செம்மஞ்சள். மிக நல்ல ஏற்பாடு. நான் கடையில் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறேன். ஆனால் அந்தச் சிவப்பு வட்டம் போத்தலுக்குரியது. அதைக் குடிக்கிற பிள்ளையின் நெற்றியில் ஒட்டுவதற்கு நாங்கள் யார்?

சரி, இப்போது என் வீட்டுக்கு வாருங்கள்.

அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் எங்களோடு இருக்கிறார். மாதம் ஒருமுறை கிளினிக். கிளினிக்குக்கு மூன்று நாள் இருக்கும்போதே அம்மா மாறிவிடுவார். குரக்கன் ரொட்டி, பாவற்காய், வல்லாரைச் சம்பல், சீனி போடாத தேத்தண்ணி. வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தால் அளவு நல்லாக இருக்கும். டொக்டரும் "நல்லம் அம்மா" என்பார். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி. பிறகு ஒரு நாள் டொக்டர் எச்பிஏ1சி செய்யச் சொன்னார். அது இரத்தச் சீனியின் இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற பரிசோதனை. முடிவு ஒன்பதைத் தாண்டியிருந்தது, அது மிகக் கூட. எனக்கு விளங்கவே இல்லை. வீட்டில் அம்மா இனிப்புத் தொடுவதே இல்லையே!

விளங்கியது விநாயகர் சதுர்த்தி அன்று இரவு. மத்தியானம் மோதகம் அவித்தோம். உள்ளே பயறு, தேங்காய்ப்பூ, சர்க்கரை. அம்மாவிடம் நீட்டியபோது "எனக்கு வேண்டாம் பிள்ளை, எனக்குத்தான் கூடாதே" என்று கையால் தள்ளினார். வந்திருந்த மாமி, "பாருங்கோ, எவ்வளவு கட்டுப்பாடு!" என்று மெச்சினார். மிச்சம் ஒன்பது. பழைய ஐஸ்கிறீம் பெட்டியில் போட்டுப் பிரிட்ஜில் வைத்தேன். ஒன்பது, நினைவில் வைத்திருங்கள்.

இரவு இரண்டு மணி. குசினியில் ஏதோ சரசரத்தது. எலி என்றுதான் நினைத்தேன். தும்புத்தடியை எடுத்துக்கொண்டு போனேன். லைட் போடவில்லை. போடத் தேவையும் இல்லை, ஏனென்றால் குசினிக்குள் ஒரு கீற்று வெளிச்சம். பிரிட்ஜ் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. ஒரு சாண்தான். அதற்கு மேல் திறந்தால் வெளிச்சம் ஹோலுக்குள் வந்துவிடும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் தன்னை ஒடுக்கிக்கொண்டு, வெறுங்காலோடு, குளிர் நிலத்தில் நிற்கிறார். அரிசிமா பிரிட்ஜில் இருந்தால் எப்படி இறுகும் என்று சமைக்கிறவர்களுக்குத் தெரியும். அந்த இறுகிய மோதகத்தை, பல்லுக் குறைந்த வாயால், அம்மா விழுங்கிக்கொண்டிருந்தார். சபையோரே, சாப்பிட்டார் என்று சொல்ல மாட்டேன். ருசித்தார் என்று சொல்லவே மாட்டேன். விழுங்கினார். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் உள்ளே தள்ளிக்கொண்டு.

என்னைக் கண்டதும் என்ன செய்தார் தெரியுமா? கையில் இருந்த பாதி மோதகத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். எழுபத்து நாலு வயது. என்னைப் பெற்றவர். ஒரு குழந்தை ஒளிப்பது மாதிரி ஒளித்துவிட்டு, "தண்ணி குடிக்க வந்தனான், பிள்ளை" என்றார். சொண்டில் தேங்காய்ப்பூ.

விடிய எழும்பிப் பெட்டியைப் பார்த்தேன். ஐந்து. ஒன்பதில் ஐந்து போனால் நான்கு. என் கண்ணில் பட்ட பாதியைக் கழித்தால் மூன்றரை. மூன்றரை மோதகம் இருட்டில் போயிருக்கிறது. நடுவர் அவர்களே, அதே அம்மாவை மத்தியானம் மேசையில் இருத்தி, ஒரு மோதகத்தைச் சுடச்சுட வைத்து, "சாப்பிடுங்கோம்மா, இரவுக்கு இடியப்பத்தில ரெண்டு குறைப்பம்" என்று சொல்லியிருந்தால் எத்தனை சாப்பிட்டிருப்பார்? ஒன்று. மிஞ்சிப் போனால் ஒன்றரை.

இதுதான் எங்கள் அணியின் வாதம் முழுவதும். குற்ற உணர்ச்சி வாயைக் கட்டவில்லை, லைட்டை மட்டும் அணைத்தது. இருட்டில் சாப்பிடுகிறவருக்கு அளவு தெரியாது, நாக்குக்கு ருசி தெரியாது, டொக்டருக்கு உண்மை தெரியாது. மருந்தின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று அவர் எதைப் பார்த்து முடிவெடுப்பார்?

என் அம்மா ஒருவரை வைத்துப் பேசுகிறேன் என்று எதிரணி சொல்லக் கூடும். 2014இல் நியூசிலாந்தில் கன்டர்பரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சொக்லேட் கேக் என்றவுடன் உங்களுக்கு எது நினைவு வருகிறது, குற்ற உணர்ச்சியா கொண்டாட்டமா என்று கேட்டார்கள். குற்ற உணர்ச்சி என்று சொன்னவர்கள் கொண்டாட்டக்காரரை விட ஆரோக்கியமாகச் சாப்பிடவில்லை. ஒன்றரை வருடத்தில் தங்கள் நிறையைக் கட்டுக்குள் வைத்திருப்பதிலும் அவர்கள்தான் பின்தங்கினார்கள். இதற்கு மறுகரையும் இருக்கிறது. சரியாகச் சாப்பிட வேண்டும் என்ற எண்ணமே ஒருவரை விழுங்கிவிடுகிற நிலைக்கு, ஸ்டீவன் பிராட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் 1997இல் ஓர்தோரெக்சியா என்று ஒரு பெயரே வைத்தார்.

எங்களுக்கு அந்தப் பெயர் புதிது. ஆனால் அளவோடு சாப்பிடுவது எங்களுக்குப் புதிதா? கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கிறோம். ஏழாம் நாள் காலையில் பாறணை. வாழையிலை போட்டு, பத்துக் கறி வைத்து, வீடு முழுக்கக் கூடியிருந்து சாப்பிடுகிறோம். முஸ்லிம் சகோதரர்கள் நாள் முழுக்க நோன்பிருந்து மாலையில் பேரீச்சம்பழமும் கஞ்சியுமாகத் துறக்கிறார்கள். கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம் முடிந்தால் உயிர்ப்பு ஞாயிறு. எல்லா விரதத்துக்கும் ஒரு பாறணை உண்டு. குற்ற உணர்ச்சிக்கு மட்டும் பாறணை கிடையாது. அது வருடம் முழுக்க நடக்கும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் நடக்கும்.

மணி அடித்துவிட்டது. இரண்டு நிமிடம் பொறுங்கள், நடுவர் ஐயா. இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

அன்று இரவு நான் தும்புத்தடியோடு நின்றபோது எனக்கு நினைவில் வந்தது வேறு ஒரு வெளிச்சம். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் இந்தச் சபையில் இருப்பீர்கள். பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கு, சின்னத் திரி. சீனி கண்ணில் படாது. தேத்தண்ணியை வெறுமனே ஊற்றி, கையில் ஒரு துண்டுப் பனங்கட்டி தருவார்கள். ஒரு கடி, ஒரு மிடறு. எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பிள்ளைகள். அம்மா பாக்குவெட்டியால் பனங்கட்டியை வெட்டுவார். மூன்று துண்டு, மூன்றும் ஒரே அளவு. ஒரு நாள் நான் கேட்டேன், "உங்களுக்கு எங்கையம்மா?" அம்மா சொன்னார், "எனக்கு இனிப்புப் பிடிக்காது பிள்ளை." வெட்டிய பிறகு பாக்குவெட்டியில் ஒட்டியிருந்த தூளை விரலால் வழித்து வாயில் வைப்பார். அதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நம்பினேன். முப்பது வருடத்துக்கு மேலாக நம்பினேன். எங்கள் அம்மாவுக்கு இனிப்புப் பிடிக்காது என்று என் பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

அவருக்கு இனிப்பு உயிர் என்று எனக்குத் தெரிந்தது, ஒரு சாண் பிரிட்ஜ் வெளிச்சத்தில். தடைக் காலத்தில் எங்களுக்காக விட்டார். பிறகு சீனி தாராளமாக வந்த காலத்தில் வருத்தமும் வந்துவிட்டது. அதன்பின் நான் வந்தேன். விருந்தாளிகளுக்கு முன்னால், "அம்மா, திரும்பவும் தொடங்கிட்டீங்களோ?" என்று கேட்டு, அவர் கையிலிருந்த சோற்றுத் தட்டை வாங்கி வைத்தவள் நான். ஒரு தரம் இல்லை, பல தரம். அந்தக் கதவை ஒரு சாணுக்கு ஒடுக்கியது என் குரல்தான்.

இப்போது எங்கள் வீட்டில் இனிப்பு மேசையில்தான் இருக்கிறது. டொக்டரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னோம். எவ்வளவு மா, எவ்வளவு சோறு, எந்த நேரம் என்று அவர் எழுதித் தந்தார். அம்மா ஒன்றை எடுப்பார், பாதியாக உடைப்பார், மற்றப் பாதியைப் பேத்தி வாயில் வைப்பார். போன முறை எச்பிஏ1சி எட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.

தம்பி, உங்கள் கணக்குக்கு வருகிறேன். இரண்டு ரோல்ஸ். ஒன்று எனக்கு. கொட்டாஞ்சேனையில் வேலை முடிந்து, பஸ்ஸில் நின்றபடி வந்தேன், மத்தியானம் பன்னிரண்டுக்குச் சாப்பிட்டது. மற்றது அம்மாவுக்கு. நீங்கள் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றபடியால் அவரைக் கண்டிருக்க மாட்டீர்கள். ரியூப் லைட்டுக்குக் கீழே கதிரை போட்டு இருந்து, எண்ணெயைக் கடதாசியில் ஒற்றி ஒற்றி, பத்து நிமிடம் எடுத்துச் சாப்பிட்டார். அவசரமே இல்லை. கடைசித் துண்டை வாயில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "உறைப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு பிள்ளை, கடைக்காரப் பெடியனிட்டச் சொல்லு" என்றார்.

நன்றி, வணக்கம்.