வாரக் கூட்டத்துக்கு யாரைக் கூப்பிடுவது?

(பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் உள்ள ரோட்டரி, லயன்ஸ் சேவைச் சங்கங்களின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, சித்தூர், நல்லேப்பிள்ளி, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்திலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

விருந்தினர் பேச்சாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். தலைப்பு சின்னதுதான், ஆனால் இதில் அடிபட்டவர்கள் இங்கே நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் ஆள் கிடைக்காது. போன் மேல் போன் போட்டு, கடைசியில் யாராவது ஓர் அதிகாரி, ஒரு பேராசிரியர், இல்லாவிட்டால் தன்னம்பிக்கை பற்றிப் பேசுகிற ஒருவர் அகப்படுவார். வருவார், பேசுவார், பொன்னாடை போடுவோம், நினைவுப் பரிசு கொடுப்போம், தலைவர் மணி அடிப்பார், சாப்பிடப் போய்விடுவோம். மறுநாள் டீக்கடையில் நம் மெம்பர் ஒருவரைப் பிடித்து, நேற்று வந்தவர் என்ன பேசினார் என்று கேட்டுப்பாருங்கள். "நல்லாப் பேசினார்" என்பார். சரி, என்ன பேசினார்? "நல்லாத்தான் பேசினார்."

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒருவரை அவருடைய பதவிக்காகக் கூப்பிடாதீர்கள், அவர் செய்கிற வேலைக்காகக் கூப்பிடுங்கள். அவர் பேசிவிட்டுப் போனபின் நமக்குச் செய்ய ஒரு காரியம் மிச்சம் இருந்தால், அந்த வாரம் கூட்டம் நடந்தது என்று அர்த்தம்.

இது புதுக் கருத்து ஒன்றும் இல்லை. 1905 பிப்ரவரி 23ஆம் தேதி சிகாகோவில் யூனிட்டி கட்டடத்தின் 711ஆம் அறையில் நான்கு பேர் கூடினார்கள். வழக்கறிஞர் பால் ஹாரிஸ், நிலக்கரி வியாபாரி ஒருவர், சுரங்கப் பொறியாளர் ஒருவர், தையற்கடைக்காரர் ஒருவர். ரோட்டரி அங்கேதான் பிறந்தது. அன்றைக்குச் சிறப்பு விருந்தினர் யாரும் இல்லை. நான்கு தொழிலுக்கும் ஆள் உண்டு, அவ்வளவுதான். ஒவ்வொருவர் அலுவலகமாக மாறி மாறிக் கூடினார்கள். இன்றைக்கும் புது மெம்பர் சேர்ந்தால் முதலில் தன் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும் என்ற வழக்கம் பல கிளப்களில் இருக்கிறது. நம் பக்கம் அதைச் சுருக்கி, "நான் இன்ன கடை வைத்திருக்கிறேன், வாருங்கள், தள்ளுபடி தருகிறேன்" என்பதோடு முடித்துவிட்டோம்!

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். நாம் உட்கார்ந்திருப்பது கேரளத்தில், ஆனால் மழை விஷயத்தில் நாம் கேரளம் இல்லை. மாநிலம் முழுக்க வெள்ளமாக இருக்கும்போது இங்கே வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். தமிழ்நாடும் கேரளமும் ஆற்றுத் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. அதன்படி சித்தூர்ப் புழை, அதாவது நம் சித்தூர் ஆற்றுப் பாசனத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி, அதாவது 725 கோடி கன அடி தண்ணீர், மணக்கடவு அணைக்கட்டில் அளந்து வர வேண்டும். கணக்கு ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. ரோட்டரிக்கும் புது ஆண்டு ஜூலை 1தான். நாம் புதுத் தலைவருக்கு மாலை போடுகிற அதே நாளில் தண்ணீர்க் கணக்கும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.

தண்ணீரைப் பற்றிப் பேச எங்கள் கிளப்புக்கு ஒரு முறை பொறியாளர் ஒருவர் வந்தார். மரியாதையான மனிதர். இந்த எண்களையெல்லாம் ஸ்லைடு போட்டுக் காட்டினார். குறித்துக்கொண்டோம், கை தட்டினோம். இன்னொரு முறை, நான் பிடிவாதம் பிடித்ததால், வாய்க்காலில் மதகு திறந்து மூடுகிற லஸ்கர் ஒருவரைக் கூப்பிட்டோம். "அவர் என்ன பேசுவார்?" என்று கமிட்டியில் கேட்டார்கள். அவருக்கும் அதே சந்தேகம்தான். "எனக்குப் பேச வராதுங்க, மைக்கைப் பிடிச்சா கை நடுங்கும்" என்றார். "பேச வேண்டாம், உங்க சாமானை மட்டும் எடுத்துட்டு வாங்க, நாங்க கேக்கறதுக்குப் பதில் சொன்னாப் போதும்" என்றேன்.

மதகுத் திருகுச் சாவியைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு வந்தார். கிரீஸ் பட்டுவிடும் என்று மேஜை விரிப்பை அவரே ஓரமாக ஒதுக்கிவிட்டு அதை வைத்தார். எத்தனை புரி வெளியே தெரிந்தால் மதகு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று விரலால் காட்டினார். அப்புறம் நாங்கள் நிறுத்தச் சொன்னாலும் நிற்கவில்லை. ராத்திரியில் தண்ணீர்ச் சத்தம் குறைந்தாலே விழிப்பு வந்துவிடுமாம், மேலே யாரோ பலகை போட்டு மறித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடுமாம். மறித்தவர் யாரென்றும் தெரியும், ஆனால் சொல்ல முடியாது, அவர் வீட்டுத் திண்ணையில்தான் மறுநாள் மோர் வாங்கிக் குடிக்க வேண்டும் என்றார். எல்லாரும் சிரித்தோம். இரண்டு பேர் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்கள்.

அப்புறம் ஒன்று சொன்னார். தண்ணீர் திறக்கிற முதல் இரண்டு நாளும் மதகில் வந்து அடைப்பது மண் இல்லையாம். தண்ணீர் பாட்டில், இளநீர் மட்டை, மண்டபத்திலிருந்து வருகிற இலையும் பேப்பர் டம்ளரும். "எல்லாம் கடைவீதியிலிருந்துதான் வருது. இங்க உக்காந்திருக்கிறவங்க கடைதான்" என்றார். சபையில் சத்தமே இல்லை. அந்த வருஷம் தண்ணீர் திறப்பதற்கு முன்னால் கடைவீதி வாய்க்காலை எங்கள் மெம்பர்கள் இறங்கிச் சுத்தம் செய்தார்கள். பொறியாளர் பேச்சும் தேவைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் மண்வெட்டியை எடுக்க வைத்தது லஸ்கர் பேச்சு.

இன்னொரு பேச்சையும் சொல்ல வேண்டும். வீடு வீடாக வந்து பிளாஸ்டிக் வாங்கிப் போகிற ஹரித கர்ம சேனை அம்மா ஒருவர் வந்தார். மாதம் 50 ரூபாய் கேட்டால் முகத்தைச் சுளிக்கிறோமே, அவர்தான். ஒரு கையில் கழுவிய பால் கவர், இன்னொரு கையில் கழுவாத பால் கவர் வைத்திருந்தார். கழுவாததை முன்வரிசையில் இருந்த தலைவர் மூக்குக்கு நேரே நீட்டினார். "மூணு நாள் ஆனதுங்க சார். இந்த மாதிரி ஒரு சாக்கு நிறைய வெயில்ல உக்காந்து நாங்க பிரிக்கணும்" என்றார். தமிழும் மலையாளமும் கலந்து ஐந்தே நிமிடம் பேசினார். அன்றைக்கு எங்கள் வீட்டில் தொடங்கிய கழுவல் இன்னும் நடக்கிறது, கழுவுவது நான்தான்.

ஒரு பேச்சு ஒரு சங்கத்தையே மாற்றும் என்பதற்குப் பெரிய சான்று நம்மிடம் இல்லை, லயன்ஸிடம் இருக்கிறது. ரோட்டரிக்காரன் மேடையில் லயன்ஸ் கதையா என்று கேட்காதீர்கள், இன்றைக்கு இரண்டு பேரும்தான் வந்திருக்கிறீர்கள். லயன்ஸ் சங்கம் 1917இல் தொடங்கியது. 1925 ஜூன் 30ஆம் தேதி, அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் சீடர் பாயிண்டில் அவர்கள் மாநாடு. அங்கே பேச வந்தவர் ஹெலன் கெல்லர். 19 மாதக் குழந்தையாக இருந்தபோதே பார்வையும் செவியும் போனவர். அவர் நீளமாகப் பேசவில்லை. வாய்ப்பு என்பவள் ஒவ்வொரு கதவையும் ஒரே ஒரு முறைதான் தட்டுவாள் என்று ஒரு கதை உண்டு, நான்தான் உங்கள் வாய்ப்பு, உங்கள் கதவைத் தட்டுகிறேன் என்றார். தடுக்கக்கூடிய பார்வையிழப்பு இருக்கக் கூடாது, காது கேளாத கண் தெரியாத ஒரு குழந்தையும் கல்வி இல்லாமல் இருக்கக் கூடாது, பார்வையற்ற யாரும் கைவிடப்படக் கூடாது, அந்த நாள் சீக்கிரம் வர உதவமாட்டீர்களா என்று கேட்டார்.

அவர் எப்படிக் கேட்டார் என்று கவனியுங்கள். சேவை மனப்பான்மை வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. இன்னது வேண்டும் என்று கேட்டார். லயன்ஸ்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். அன்றிலிருந்து கண் அவர்கள் காரியம் ஆயிற்று. நம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை கண் முகாம் நடத்தி, புரை விழுந்த பாட்டிகளைப் பஸ்ஸில் ஏற்றிக் கோவைக்கு அனுப்புகிறோமே, அதற்கு ஒரு வேர் அந்தப் பேச்சில் இருக்கிறது. இன்னொரு வேர் மதுரையில், டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில். முகாமுக்கு இடமும் ஆளும் உள்ளூர்ச் சங்கம் பார்த்துக்கொள்ளும், அறுவைச் சிகிச்சையை மருத்துவமனை பார்த்துக்கொள்ளும் என்ற ஏற்பாட்டை நம் ஊர்களில் பாட்டிகள்கூட அறிவார்கள்.

தன்னம்பிக்கைப் பேச்சாளர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் என்னைத் தூங்க விடமாட்டீர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு கல்யாண வீட்டுப் பன்னீர் மாதிரி, தெளிக்கும்போது ஜில்லென்று இருக்கும், பந்திக்குப் போவதற்குள் காய்ந்துவிடும். ஆண்டுக்கு ஒன்று போதும். அதையும் பதவியேற்பு விழாவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட, பாம்பு பிடிக்க வனத்துறையிடம் பயிற்சி பெற்ற ஒருவரைக் கூப்பிடுங்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், கடித்த பாம்பைத் தேடி அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை, கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதை அவர் சொன்னால் வயலும் தோப்பும் வைத்திருக்கிற நமக்கு உயிர் காக்கும் சங்கதி. தென்னையில் கள் இறக்குகிறவரைக் கூப்பிடுங்கள். சித்தூர்க் கள் தினமும் வண்டியேறித் தெற்கே பல மாவட்டங்களுக்குப் போகிறது, பாளையை எப்படித் தட்டிச் சீவுகிறார்கள் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? குடிப்பவர்களுக்கே தெரியாது.

நடைமுறை சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். விருந்தினரை அறிமுகம் செய்கிறோம் என்று அவர் வாங்கிய பட்டங்களை இரண்டு பக்கம் படிக்காதீர்கள். பாவம், அவர் அதுவரைக்கும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சுக்கு 20 நிமிடம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பிறந்த நாள், திருமண நாள் வாழ்த்தெல்லாம் அவர் நேரத்தைத் தின்ன விடாதீர்கள். மொழிப் பிரச்சினை நமக்கு இல்லை. தமிழில் பேசினாலும் மலையாளத்தில் பேசினாலும் இந்தச் சபைக்குப் புரியும். கோயம்புத்தூரிலிருந்து வருகிற டாக்டர்கள்தான் நம்மை மதித்து இங்கிலீஷில் ஆரம்பிப்பார்கள், முதல் நிமிடத்திலேயே தடுத்துவிடுங்கள்.

தேர்தல் நேரத்தில் ஜாக்கிரதை. தண்ணீர், சாலை என்று ஏதாவது தலைப்போடு வேட்பாளர்கள் தாங்களாகவே விருந்தினராக வரத் தயாராக இருப்பார்கள். கட்சி மேடை வேண்டாம். ஆனால் அரசியல் ஆகிவிடும் என்று பயந்து தண்ணீர்ப் பேச்சையே விட்டுவிடவும் வேண்டாம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனைமலைப் பகுதி விவசாயி ஒருவரை இங்கே கூப்பிட்டு உட்கார வைத்தால் என்ன? அவருக்கும் ஒரு கணக்கு இருக்கும், கேட்போம்.

வாராவாரம் ஆளுக்கு எங்கே போவது என்கிறீர்கள். 2016இல் ரோட்டரியே விதியைத் தளர்த்திவிட்டது, மாதம் இரண்டு கூட்டம் நடத்தினால் போதும். மூத்த மெம்பர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு வருத்தம் இல்லை. நான்கு வாரம் ஒப்பேற்றுவதைவிட இரண்டு வாரம் உருப்படியாக நடத்தலாம். மிச்ச வாரத்தில், போன மாதம் வந்தவர் கேட்டுப்போனது என்ன ஆயிற்று என்று நாமே உட்கார்ந்து பார்க்கலாம். இதை எந்தக் கிளப்பும் செய்து நான் பார்த்ததில்லை. செயலாளர் நோட்டில் விருந்தினர் பெயர் இருக்கும், நாம் கொடுத்த பரிசு என்னவென்று இருக்கும், அவர் கேட்டது என்னவென்று ஒரு வரி இருக்காது. அதற்கு ஒரு பத்தி போடுங்கள்.

லஸ்கரைக் கூப்பிடப் போகும்போது போனில் கூப்பிடாதீர்கள், நேரில் போங்கள். ஒரு நாள் கூலி போகுமென்றால் அதைக் கேட்டு ஈடு செய்யுங்கள். கண்ணாடிப் பெட்டி நினைவுப் பரிசை வைக்க அவர் வீட்டில் இடம் இருக்காது, அந்தக் காசை உறையில் போட்டுக் கொடுங்கள். கிளம்பிப் போகிறவருக்கு வண்டி ஏற்பாடு செய்யுங்கள், வேலந்தாவளம் பக்கம் கடைசி பஸ் சீக்கிரம் போய்விடும்.

என் 20 நிமிடம் முடிந்தது. இனிக் கேள்விகள். முன்வரிசைக்காரர்கள் கொஞ்சம் பொறுங்கள், எப்போதும் நீங்கள்தான் கேட்கிறீர்கள். பின்னால் தூணுக்குப் பக்கத்தில் கை தூக்கிய தம்பி, நீங்கள் கேளுங்கள்.