அந்தப் படகு பேர் என்ன சார்? சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு என்னை ரெண்டு நாளா நச்சரிச்சுக்கிட்டே இருக்கு. அதை முதல்ல எடுத்துக்கறேன். படிக்கறேன், கேளுங்க.

"சார், ஓதம், அதான் கடல் ஏத்தவத்தம், பத்தின பேச்சுல போற போக்குல ஒரு வார்த்தை விட்டீங்க. மாலத்தீவுல ஒரு வாரம் படகுலயே தங்கி ஸ்கூபா டைவ் பண்ணினேன், பெரிய ஏமாற்றம்னு. ஏன்னு சொல்லாம அடுத்த விஷயத்துக்குத் தாவிட்டீங்க. தண்ணி கலங்கலா, மீன் இல்லையா, இல்ல படகுக்காரங்க ஏமாத்திட்டாங்களா? பேரைச் சொன்னா நாங்களாவது தப்பிச்சுக்குவோம்."

பேர் சொல்ல மாட்டேன். பயந்துக்கிட்டு இல்ல. சொன்னாலும் உங்களுக்குப் பிரயோஜனம் கிடையாது. அதே படகுல பிப்ரவரி மாசம் போயிட்டு வந்த ஒருத்தர் இன்னிக்கும் வாய் ஓயாம புகழ்றார். அவர் சொல்றதும் நிஜம், நான் சொல்றதும் நிஜம். அது எப்படின்னு நீங்க கேட்டிருந்தா எனக்கு இன்னும் சந்தோஷமா இருந்திருக்கும். பரவால்ல, கேட்டதாவே வச்சுக்கறேன்.

புதுசா வந்தவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். அங்க இதை சஃபாரி படகுன்னு சொல்லுவாங்க. தூங்கறது, சாப்பிடறது எல்லாம் பெரிய படகுல. கூடவே இன்னொரு சின்னப் படகு வரும். சிலிண்டர், காத்து அடைக்கிற கம்ப்ரஸர் எல்லாம் அதுலதான். அதுக்கு அவங்க மொழியில பேரு தோனி. ஆமா, நம்ம தோணியேதான். முதல் நாள் கைடு "தோனிக்கு வாங்க"ன்னு கூப்பிட்டப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. அந்தப் பயணத்துல நான் முழுசா சந்தோஷப்பட்ட அஞ்சு நிமிஷம் அதுதான்னு நினைக்கறேன்.

திட்டம் என்னன்னா, தெற்கே இறங்கி ஹுவாது அடோல் வரைக்கும் போறது. அடோல்னா வளையமா அமைஞ்ச பவளத் தீவுக் கூட்டம், தெரியும் உங்களுக்கு. அந்தச் சொல்லே அவங்க திவேஹி மொழியிலிருந்து உலகத்துக்குப் போனது. ஹுவாது உலகத்துலயே பெரிய அடோல்கள்ல ஒண்ணு. அங்க போகணும்னா ஒண்ணரை டிகிரி கால்வாய்னு ஒண்ணைக் கடக்கணும். மாலத்தீவு அடோல்களுக்கு நடுவுல இருக்கிற கால்வாய்கள்லயே அகலமானது அது.

நான் போனது 2024 மே மாசம். ஏன் மே? விலை குறைச்சல். மலிவா கொடுக்கறான்னா ஏன் மலிவுன்னு கேட்கணும் இல்ல? கடலைப் பத்தி ஊருக்கு உபதேசம் பண்றவன் நான், கேட்கல. மூணாவது நாள் அலை எழும்பிடுச்சு, கேப்டன் கடக்க முடியாதுன்னுட்டார். இதுல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவர் வேண்டாம்னா வேண்டாம்தான். கூட வந்த சிலபேர் காசு கொடுத்தோமேன்னு அவர்கிட்ட மல்லுக்கு நின்னாங்க, எனக்கு வெட்கமாப் போச்சு.

என் வருத்தம் வேற. அந்தப் படகுல ஒரு மணி இருந்துச்சு. சமையல்கட்டு வாசல்ல தொங்கற மணி. காலை 6.30க்கு டைவ், 11க்கு ஒண்ணு, 3க்கு ஒண்ணு. நடுநடுவுல சாப்பாடு. ஆறு நாளும் ஒரு நிமிஷம் பிசகல. ரயில்வே ஸ்டேஷன் தோத்துடும்.

கடலுக்கு அந்த மணி தெரியுமா? இதைத்தான் ஓதம் பேச்சுல தலையில அடிச்சுக்கிட்டு சொன்னேன். ஏத்தவத்தம் தினமும் சுமாரா 50 நிமிஷம் தள்ளிப் போகும். இன்னிக்கு 11 மணிக்கு நல்லா இருந்த இடம் ஆறு நாள் கழிச்சு அதே 11 மணிக்குத் தலைகீழா இருக்கும். அடோல் வளையத்துல நடுநடுவுல வாசல் மாதிரி திறப்பு இருக்கும், கந்துன்னு சொல்லுவாங்க. வெளிக்கடல் தண்ணி அந்த வாசல் வழியா உள்ள நுழையறப்ப பளிங்கா இருக்கும். சுறாக்கள் வாசல்லயே வரிசை கட்டி, ஓட்டத்துக்கு முகம் கொடுத்து நிக்கும். நாம பாறையில ஒரு கொக்கியை மாட்டிக்கிட்டு கொடி மாதிரி பறந்துக்கிட்டே பாக்கலாம். அதே வாசல்ல தண்ணி உள்ளேருந்து வெளிய போறப்ப? அடோலுக்குள்ள இருக்கிற மணல், கசடு, மிதக்கிற நுண்ணுயிர் எல்லாத்தையும் வாரிக்கிட்டு வரும். கலங்கல். அதோட நம்மையும் ஆழ்கடல் பக்கம் தள்ளும்.

நாலாவது நாள் 11 மணி டைவ். கைடு தண்ணியில குதிச்சு ஓட்டம் பாத்தார். ஏறி வந்து, "வெளிய ஓடுது, ரெண்டு மணி நேரம் பொறுத்தா திரும்பும்"னார். நல்ல கைடு, பாவம். பெரிய படகுலேருந்து பதில் வந்துச்சு, ஒரு மணிக்கு சாப்பாடு, இப்பவே முடிச்சுடுங்கன்னு. முடிச்சோம். எனக்கு முன்னாடி நீந்தினவரோட கால் துடுப்பு மட்டும் தெரிஞ்சுது, சில சமயம் அதுவும் தெரியல. மேல வந்து சாப்பிட உட்கார்ந்தப்ப படகுக்குக் கீழ தண்ணி நீலமா மாறிக்கிட்டு இருந்துச்சு. நான் தட்டைப் பாக்கவே இல்ல, தண்ணியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

பிப்ரவரிக்காரர் ஏன் புகழ்றார்னு இப்ப புரியும். வடகிழக்குப் பருவக்காத்து நல்லா பிடிச்ச மாசங்கள்ல ஓட்டம் பெரும்பாலும் கிழக்கேருந்து மேற்கே ஒரே சீரா போகும். கிழக்குப் பக்க வாசல்ல எப்ப குதிச்சாலும் தண்ணி உள்ளதான் வரும். படகு சாப்பாட்டு மணிப்படி ஓடினாலும் குடி முழுகாது. மே மாசம் காத்து தென்மேற்குக்கு மாறற நேரம். ஓட்டம் இன்னிக்கு ஒரு பக்கம், நாளைக்கு ஒரு பக்கம். அப்பதான் ஏத்தவத்தம் பாத்து இறங்கணும், அப்பதான் அந்த மணி ஆளைக் கவுத்துடுது.

உடனே நீங்க, "அப்ப கலங்கல் தண்ணி மோசம்"னு எழுதாதீங்க. வழக்கமா வர்றவங்க இப்ப சிரிப்பீங்க, இவன் இதை எத்தனை தடவை சொல்லுவான்னு. சொல்லுவேன். காலிப் பாத்திரம்தான் பளபளன்னு இருக்கும். வெப்பக் கடல்ல தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குன்னா அதுல சாப்பாடு இல்லன்னு அர்த்தம். கலங்கல்தான் விருந்து. அடோல்லேருந்து வெளிய வர்ற அந்தப் பச்சைத் தண்ணியைத் தேடித்தான் மாண்டா திருக்கை வரும். வடகிழக்குக் காத்துல மேற்குப் பக்கம், தென்மேற்குக் காத்துல கிழக்குப் பக்கம். பா அடோலோட கிழக்கு ஓரத்துல ஹனிஃபாருன்னு ஒரு சின்ன விரிகுடா இருக்கு. தென்மேற்குப் பருவத்துல, குறிப்பா அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, நுண்ணுயிர் அதுக்குள்ள வந்து சிக்கிக்கும். மாண்டாக்கள் கூட்டமா வந்து வாயைத் திறந்துக்கிட்டு சுத்தும். 2012லேருந்து அங்க சிலிண்டரோட இறங்கவே கூடாது. மூச்சுக்குழாய் போட்டுக்கிட்டு மேல மிதந்துதான் பாக்கணும். இவ்வளவு காசு கொட்டி சிலிண்டர் கட்டிக்கிட்டு நான் கலங்கல்ல தடவிக்கிட்டு இருந்தேன், பாருங்க.

இன்னொண்ணு சொல்லணும். இது படகு மேல போடற பழி இல்ல. அஞ்சாவது நாள் கடலடி மேடு ஒண்ணுல இறங்கினோம், கையில கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டர்ல தண்ணி 31 டிகிரி காட்டுது. பவளம் பூரா வெள்ளை. கூட வந்த தம்பி ஒருத்தர் கேமராவும் கையுமா சுத்திச் சுத்தி எடுக்கறார். மேல வந்ததும், "சார், மல்லிகைத் தோட்டம் மாதிரி இருந்துச்சு!"ங்கறார். நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். விளக்கிட்டேன். பவளத்துக்குள்ள ஒரு பாசி குடியிருக்கு, வெயில்ல சமைச்சு பவளத்துக்கு வேண்டியதுல 90 சதவீதம் வரைக்கும் அதுதான் ஊட்டுது, நிறமும் பெரும்பாலும் அதோடதுதான். சூடு தாங்கலைன்னா பவளம் அந்தப் பாசியைத் துரத்திடும். நீங்க பாத்தது செத்த பவளம் இல்ல தம்பி, பட்டினி கிடக்கிற பவளம், சில வாரத்துல சூடு இறங்கினா பிழைக்கும், இல்லன்னா இல்லன்னேன். அதுக்கப்புறம் ஊர் திரும்பற வரைக்கும் அவர் என்கூட சரியா பேசல.

அங்க 1998லயும் 2016லயும் இதே மாதிரி பெரிய அளவுல வெளுத்திருக்கு. உலகம் முழுக்க நாலாவது தடவையா வெளுக்குதுன்னு 2024 ஏப்ரல்லயே அறிவிச்சுட்டாங்க. அந்தச் செய்தியைப் படிச்சேன், உங்களுக்கு விளக்கி ஒரு காணொளியும் போட்டேன், அப்புறம் பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பினேன். என்ன ஜென்மமோ.

கடைசி நாள் ஒரே சண்டை. "ஏழு இரவுன்னு வாங்கிட்டு கடைசி நாள் டைவே இல்லையே"ன்னு. இதுல நான் படகுக்காரங்க கட்சி. பல நாள் தொடர்ந்து டைவ் பண்ணினா விமானம் ஏற குறைஞ்சது 18 மணி நேரமாவது இடைவெளி விடணும். நாம உயரப் பறந்தா, ரத்தத்துல கரைஞ்ச நைட்ரஜன் குமிழா மாறும். அந்த நாளை முதல்லயே கழிச்சுட்டுத்தான் கணக்குப் போடணும்.

அன்னிக்கு ராத்திரி டைவ் உடுப்பு எல்லாம் அலசிக் கொடியில போட்டாச்சு. படகோட பின்பக்கம் விளக்கு எரியுது, வெளிச்சத்துக்கு நுண்ணுயிர் கூடி தண்ணி புகை மாதிரி ஆயிடுச்சு. எங்கேருந்தோ ஒரு மாண்டா வந்துடுச்சு. படகு வாலடியிலயே குட்டிக்கரணம் போட்டுப் போட்டுத் தின்னுது. ஒரு வாரமா நாங்க தேடினது. யாரும் இறங்க முடியாது. ராத்திரி சாப்பாட்டுக்கு மணி அடிச்சாங்க. அந்த ஒரு வேளை மட்டும் ஒருத்தரும் எழுந்து போகல.

அதனால படகு பேரை என்கிட்ட கேட்காதீங்க. நீங்க போகப் போற படகுக்காரங்ககிட்ட, நீங்க போற மாசத்தைச் சொல்லி, நாலாவது நாள் முதல் டைவ் எத்தனை மணிக்குன்னு கேளுங்க. பட்டுனு "6.30"னு பதில் வந்தா கொஞ்சம் யோசிங்க. "அன்னிக்கு ஓட்டம் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்"னு இழுத்தாங்கன்னா, காசைக் கட்டிடுங்க.